பச்சை ஏறாத பேடு

வெர்னன் யாரையும் நம்பமாட்டார். கார் பாலிஷ் பாட்டில்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைச் சுத்தமாக நம்பமாட்டார். "ஒரே தேய்ப்பில் கண்ணாடி" என்று போட்டிருந்தால் போதும், அந்தப் பாட்டிலை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுவார். காரைத் தேய்க்கும் மெஷின் முகத்தில் ஒட்டும் வட்டமான நுரைப் பேடு விஷயத்திலும் அப்படித்தான். ஆரஞ்சு நடுத்தரம், வெள்ளை மிருது, கறுப்பு இன்னும் மிருது என்று கடைக்காரன் ஒப்பித்தால், "எந்தக் கம்பெனிக்காரனோட ஆரஞ்சு?" என்று கேட்பார். ஒருத்தன் ஆரஞ்சு இன்னொருத்தன் மஞ்சளைவிடக் கரடாக இருக்கும். நிறத்தைப் பார்த்துப் பேடு வாங்குகிறவன் பெயிண்டைச் சுரண்டிவிட்டு அழுவான். வெர்னன் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். அமுங்கினது எத்தனை சோம்பலாக எழும்பி வருகிறது என்று பார்ப்பார். பாலிஷை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, நறநறவென்கிறதா, வழவழவென்கிறதா என்று பார்ப்பார். வழவழப்பு அதிகமென்றால் எண்ணெய். கீறலை எண்ணெய் மூடி மறைக்கும், இரண்டு மழையில் கீறல் திரும்பி வந்துவிடும். அது பாலிஷ் இல்லை, ஏமாற்று வேலை.

இப்படித்தான் டோலிடோ நகரத்துக்கு மேற்கே அந்தச் சின்ன ஊரில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அவரிடம் வந்தார்கள். வாயைத் திறந்தால் மனம் நோகும்படி பேசுவார், ஆனால் வண்டியைக் கெடுக்கமாட்டார் என்று பெயர். கார்த் தகடு அடிக்கும் ஸ்டாம்பிங் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிச்சமிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் கராஜில் நின்றது மச்சான் டெல்பர்ட்டின் வண்டி. கரும்பச்சை போன்டியாக், அறுபத்தேழாம் வருஷத்தது. வெர்னனுக்கு ராத்திரியெல்லாம் சரியான தூக்கமில்லை. ஊரில் எவன் வண்டி வந்தாலும் குறட்டை விடுகிறவர்தான். இது மனைவியின் ஒரே தம்பியின் வண்டி. டெல்பர்ட் இருபது வருஷமாக அதன்மேல் ஈயைக்கூட உட்கார விட்டதில்லை.

பக்கத்தில் நெப்போலியன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு கிழவரிடம் வாங்கியது. கிழவர்தான் முதல் சொந்தக்காரர். கார் செய்த ஆலையில் அடித்த பெயிண்ட், அதன்மேல் இன்னொரு துளி பட்டதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தாராம். ஒவ்வொரு நவம்பரிலும் வான்கோழி விருந்து மேஜையில் டெல்பர்ட் அந்தக் கதையைச் சொல்லுவார். வெர்னனைப் பார்த்துத்தான் சொல்லுவார். "உலகத்துல எல்லாரும் திருடன்னு சொல்றியே மச்சான், என் வண்டிக்கு என்ன சொல்றே?" வெர்னனும் ஒவ்வொரு வருஷமும் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்துக்கொண்டே, "ஆயிரத்துல ஒருத்தன் தப்பிப் பொறந்திருப்பான்" என்பார். அவ்வளவு தூரம் அவர் இறங்கி வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு வண்டிக்குத்தான்.

இப்போது டெல்பர்ட்டுக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன். வலது கை கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் தொங்குகிறது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் அக்காள், வெர்னனின் மனைவி ஆர்லீன், ஒரு காரியம் செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சந்தைத் திடலில் நடக்கும் கார் காட்சியில், ஆலைப் பெயிண்ட் மாறாத, கைபடாத வண்டிகள் வரிசையில் தம்பியின் வண்டிக்கு இடம் பிடித்துவிட்டாள். தம்பியின் பிறந்தநாள் கேக் வெட்டும்போது அதைச் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். டெல்பர்ட்டும் சிரித்தார். ஆனால் கேக்கைத் தொடவில்லை. மருந்து வாய்க்கசப்பு என்றார்.

அந்த வரிசை விளையாட்டு இல்லை. அங்கே வரும் நடுவர்கள் பெயிண்ட் கனம் பார்க்கும் கருவியைத் தகடு தகடாக வைத்துப் பார்ப்பார்கள். போன வருஷம் லைமாவிலிருந்து வந்த ஒருத்தன், டிக்கி மூடிக்கு மறுபெயிண்ட் அடித்ததை மறைத்துவிட்டான். எல்லார் முன்னாலும் வண்டியை வெளியே எடுக்கச் சொன்னார்கள். அவன் பெண்டாட்டி முகத்தைக் கைப்பையால் மறைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவனை எந்தக் காட்சியிலும் யாரும் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லி வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்று டெல்பர்ட் ஒரு அட்டைப்பெட்டியும் கொடுத்திருந்தார். உள்ளே ஒரு கறுப்புப் பேடு, ஒரு பாட்டில் பச்சை பாலிஷ். பச்சை வண்டிக்கென்றே சாயம் கலந்து விற்பது. "இந்தப் பேடு, இந்தப் பாலிஷ். வேற எதுவும் வைக்காதே" என்றார். கார் சாவியைக் கொடுக்கும்போதும் சொன்னார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தும் சொன்னார். வெர்னனுக்குச் சுருக்கென்றது. சமையல்காரனிடம் உப்பு எது சர்க்கரை எது என்று சொல்லிக் கொடுக்கிற மாதிரி. ஆபரேஷன் ஆன ஆளாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டார்.

காலையில் பெட்டியைத் திறந்து பேடை எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறை ஒரு ஓரத்தில் பிரிந்து, மறுபடி டேப் போட்டு ஒட்டியிருந்தது. இது யார் கையில் இருந்து வந்ததோ, எங்கே விழுந்ததோ. தரையில் விழுந்த பேடு செத்த பேடு. அதைக் கழுவினாலும் உதறினாலும் மறுபடி பெயிண்ட்மேல் வைக்கக்கூடாது. ஒரே ஒரு மணல் பொடி உள்ளே உட்கார்ந்திருந்தால் பானட் முழுக்க வட்ட வட்டமாகக் கோலம் போட்டுவிடும். இந்தத் தொழிலில் எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒரே சட்டம் அது. ஆர்லீன்கூட கராஜில் எதையாவது தட்டிவிட்டால் முதலில் பேடைத்தான் பார்ப்பாள்.

பச்சை பாலிஷை விரலில் தேய்த்தார். எண்ணெய். எதிர்பார்த்ததுதான்.

"போடா" என்று பெட்டியை மூடி அலமாரியில் வைத்தார். தன் வெள்ளைப் பேடுகளை எடுத்தார். தானே உறை பிரித்தவை. சாயமில்லாத, எண்ணெயில்லாத, பால் மாதிரி இருக்கும் தன் பாலிஷை எடுத்தார்.

எடுத்துவிட்டாரே தவிர உடனே தேய்த்துவிடவில்லை. அத்தனை பழைய பெயிண்ட் ஓரங்களில் வெங்காயத்தோல் கனம்தான் இருக்கும். மெஷினை ஒரு மூச்சு அதிகம் வைத்தால் அடியிலிருக்கும் பிரைமர் எட்டிப் பார்க்கும். அப்புறம் டெல்பர்ட் முகத்தில் எப்படி விழிப்பது? வண்டியைக் கழுவி, பெயிண்டுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் தடவித் தூசியெல்லாம் எடுத்தார். ஓரத்துக்கு ஓரம் காகித டேப் ஒட்டினார். பானட் நடுவில் கையகலத்துக்கு ஒரு சதுரம் விட்டு, அதில் மட்டும் மெஷினை மெதுவான வேகத்தில் ஓட்டினார். உள்ளங்கை வியர்த்து கையுறை வழுக்கியது. நிறுத்தி, பேடைத் திருப்பிப் பார்த்தார்.

பச்சை. நல்ல புல் பச்சை.

அப்பாடா என்றிருந்தது. பழைய காலத்துப் பெயிண்ட் அப்படித்தான். நிறமே மேலே இருக்கும், தேய்த்தால் பேடில் ஏறும். இப்போதைய வண்டிகளில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத கண்ணாடிப் பூச்சு ஒன்று அடிக்கிறார்கள். அதைத் தேய்த்தால் பேடில் நிறம் வராது. வந்தால் பூச்சையே அறுத்துவிட்டோம் என்று பொருள். இந்த வண்டிக்குப் பச்சை வருவதுதான் பிறப்புச் சான்று.

பானட் முடிந்தது. கூரை முடிந்தது. வலது பக்கம் முடிந்தது. பேடில் பச்சை ஏற ஏற பிரஷ்ஷால் தட்டிவிட்டு வேலை செய்தார். அந்தக் கரும்பச்சை ஏரித்தண்ணீர் மாதிரி ஆழமாகிக்கொண்டே போனது. இடது பக்கம் வந்தபோது பழைய பேடு களைத்துப் போயிருந்ததால் புதிய வெள்ளைப் பேடு மாட்டினார். மட்கார்டு தேய்த்தார். பேடின் ஓரத்தில் பச்சை. கதவுக்கு வந்தார்.

தேய்த்துத் திருப்பிப் பார்த்தார். மட்கார்டில் ஏறிய பச்சை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கூடுதலாக ஏறவில்லை.

அழுத்தம் போதவில்லையோ என்று நினைத்தார். பேடைக் கழற்றிவிட்டு இன்னொரு புதியதை மாட்டி மறுபடி ஓட்டினார். லேசான சாம்பல் அழுக்கு மட்டும் வந்தது. மெஷினை அணைத்தார். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, பாலிஷைத் தொட்டு, கதவில் ஒரே இடத்தில் தோள் வலிக்கும்வரை தேய்த்தார். துணி வெள்ளை. பக்கத்திலேயே மட்கார்டில் இரண்டு இழுப்பு இழுத்தார். துணி பச்சை.

வெர்னன் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். இடது கதவு ஆலையில் அடித்த பெயிண்ட் இல்லை. எவனோ பிற்காலத்தில் நன்றாகவே நிறம் சேர்த்து அடித்து, மேலே கண்ணாடிப் பூச்சும் போட்டிருக்கிறான்.

மருந்துக்கடைக் கிழவன் ஏமாற்றியிருக்கிறான் என்பதுதான் முதலில் தோன்றியது. அதில் அவருக்கு ஆச்சரியமில்லை. அடுத்தது தோன்றியபோதுதான் தலையைத் திருப்பினார். அலமாரியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். கறுப்புப் பேடில் பச்சை ஏறினாலும் தெரியாது, ஏறாவிட்டாலும் தெரியாது. சாயம் கலந்த பாலிஷைத் துடைத்தால் எந்தத் துணியும் பச்சையாகத்தான் வரும். வேற எதுவும் வைக்காதே என்று வாசலிலிருந்து திரும்பி வந்து சொன்ன முகம் நினைவுக்கு வந்தது.

தெரிந்திருக்கிறது. டெல்பர்ட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் வண்டியை ஏன் இங்கே கொண்டுவந்தான்? வெர்னனின் மூளை எப்போதும் போகிற பாதையிலேயே போனது. ஞாயிற்றுக்கிழமை நடுவர் கருவியை இடது கதவில் வைப்பான். எண் எகிறும். இது மறுபெயிண்ட் என்பான். டெல்பர்ட் கண்ணை அகல விரித்து, "எனக்குத் தெரியாதே, வண்டி ஒரு வாரமா மச்சான் கராஜ்லதானே இருந்துச்சு" என்பான். அவ்வளவுதான். மெஷின் வைத்துக் கதவுப் பெயிண்டைச் சுட்டுவிட்டு, ரகசியமாகப் பெயிண்ட் அடித்து மூடிவிட்டான் வெர்னன் என்று திடல் முழுக்கப் பேசும். வெர்னன் இல்லையென்று சொன்னால் யார் கேட்பார்கள்? அவர் யாரை நம்பினார், அவரை நம்ப? திங்கட்கிழமையிலிருந்து ஒருத்தனும் சாவியைக் கொண்டுவந்து கையில் கொடுக்கமாட்டான்.

பேசாமல் கறுப்புப் பேடை வைத்து முடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிடலாமா என்று பார்த்தார். அப்படி இருந்தால் மாட்டிக்கொள்வது இன்னும் சுலபம். வண்டியைப் பாதியில் திருப்பிக் கொடுத்தால் ஆர்லீன் ஏன் என்பாள். சொன்னால் தம்பியைத் திருடன் என்கிறாயா என்பாள்.

அந்த நேரம் பார்த்து ஆர்லீன் தட்டில் சீஸ் சாண்ட்விச்சும் ஊறுகாய் வெள்ளரியுமாக வந்தாள். வண்டியைப் பார்த்துவிட்டு அவள் கண் நிறைந்து போயிற்று. சர்ச் பாடகர் குழுவில் எல்லாரையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருப்பதாகவும், தம்பிக்குப் பச்சைத் தொப்பி வாங்கியிருப்பதாகவும் சொன்னாள். பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, பெயிண்டைச் சுட்டுட்டியா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"முட்டி வலி."

அவள் போன பிறகு சாண்ட்விச் ஆறிக் காய்ந்தது. வெர்னன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெல்பர்ட் சாயங்காலம் வருவதாகச் சொன்னவர், மத்தியானமே பக்கத்து வீட்டுக்காரர் காரில் வந்து இறங்கிவிட்டார். கராஜுக்குள் வந்தவர் பானட்டைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. நேராக இடது கதவைப் பார்த்தார். பிறகு அலமாரியில் மூடி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தார். கடைசியில் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த பேடுகளைப் பார்த்தார். ஒன்று பச்சை. ஒன்று வெள்ளை.

பேசுவதற்கு வெர்னன் ராத்திரி வரை காத்திருக்கிற ஆள் இல்லை.

"என்னை மாட்டிவிடத்தானே பாத்தே?"

டெல்பர்ட் புரியாமல் விழித்தார். வெர்னன் வாளியிலிருந்து எழாமலேயே, நடுவர், கருவி, கராஜ், கெட்டுப்போகிற பெயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். டெல்பர்ட் கேட்டுக்கொண்டே நின்றார். முடிந்ததும் நல்ல கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியமா மச்சான், அது எனக்குத் தோணவேயில்ல. உனக்கு மட்டும்தான் இப்படியெல்லாம் தோணும்."

"அப்புறம் எதுக்குக் கறுப்புப் பேடு?"

வாங்கின இரண்டாம் வருஷமே தெரிந்துவிட்டது என்றார் டெல்பர்ட், கதவைப் பார்த்துக்கொண்டே. ஒரு வசந்த காலத்தில் தானே வெள்ளைத் துணியால் மெழுகு போட்டபோது தெரிந்ததாம். நெப்போலியனுக்குச் சண்டை போடப் போனாராம். கிழவர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். கடையில் வேறு யாரோ இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டாராம். அந்த நவம்பர் விருந்தில் சொல்லிவிடுவது என்றுதான் வந்தாராம்.

"வந்தவன் ஏன் சொல்லல?"

"நீ முந்திக்கிட்டே. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, ஆயிரத்துல ஒருத்தன் தப்பிப் பொறந்திருக்கான்னு நீயே சொன்னே. எல்லார் முன்னாலயும். எங்க அக்கா முள்கரண்டியைக் கீழ போட்டுட்டு உன்னைப் பாத்தா. நீ ஒருத்தனை நல்லவன்னு சொல்லி அவ கேட்டதே இல்ல." டெல்பர்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் சந்தேகப்படுவே. இந்த வண்டியை மட்டும் நம்பினே. எப்படிடா சொல்றது? அதுக்கப்புறம் நீ அதைச் சொல்றதைக் கேக்கத்தான் வருஷா வருஷம் அந்தக் கதையையே எடுத்தேன், வருஷம் ஆக ஆக இன்னும் சொல்ல முடியல. நான் எந்தக் காட்சிக்காவது கொண்டுபோனேனா? அக்காதான் போய் இடம் பிடிச்சுட்டு, உன்கிட்டயே தேய்க்கக் கொடுன்னா; ஞாயித்துக்கிழமை தோள் வலின்னு சொல்லி வராம இருந்துடலாம்னு பாத்தேன்."

வெர்னனுக்கு ஏமாற்றினவன்மேல் கோபப்படத் தெரியும். தன் நம்பிக்கை உடையக்கூடாதென்று பொத்தி வைத்தவன்மேல் என்ன படுவது என்று தெரியவில்லை. இதுவும் ஒரு கதையாக இருக்கலாம் என்று உள்ளே ஒன்று முணுமுணுத்தது. அதையும் அவரால் தள்ளிவிட முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை என்ன செய்யப் போறே?" என்றார்.

"கருவி வைக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். சாதாரண வரிசைக்கு மாத்திக்கச் சொல்றேன்."

"சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

வெர்னன் எழுந்து மெஷினை எடுத்தார். அந்தக் கதவை மற்ற தகடுகளைவிட அதிக நேரம் தேய்த்தார். கண்ணாடிப் பூச்சு தாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை திடலுக்குப் புறப்படும்போது அவர் சட்டைக்கு மேலே ஜாக்கெட் போட்டிருந்தார். வெயிலில் எதற்கு ஜாக்கெட் என்று ஆர்லீன் கேட்டாள். ஜாக்கெட் பையில் அந்த வெள்ளைப் பேடு இருந்தது. டெல்பர்ட் கடைசி நேரத்தில் வாயடைத்துப் போனால், அல்லது வாய் வேறு பக்கம் திரும்பினால், எடுத்து நடுவர் மூக்குக்கு நேரே நீட்டுவது என்று வைத்திருந்தார். நம்பிக்கை வேறு, பேடு வேறு.

கைபடாத வண்டிகள் வரிசையின் தொடக்கத்தில் ஒரு மடக்கு மேஜை. நடுவர் சிவப்புச் சட்டைக்காரர், கழுத்தில் கருவி தொங்கியது. பாடகர் குழுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் எலுமிச்சைச் சாற்றோடு நின்றார்கள். டெல்பர்ட் பச்சைத் தொப்பியோடு மேஜைக்குப் போனார். வெர்னன் ஒரு அடி பின்னால் நின்றார். பைக்குள் அவர் விரல்கள் பேடை அமுக்கிக்கொண்டிருந்தன.

நடுவர் வணக்கம் சொன்னார். வண்டி அழகாயிருக்கிறது என்றார். டெல்பர்ட் நன்றி என்றார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நடுவர் கழுத்திலிருந்து கருவியைக் கழற்றினார். டெல்பர்ட்டின் பின்கழுத்தில் வியர்வை இறங்குவது வெர்னனுக்குத் தெரிந்தது. நடுவர் வண்டியைச் சுற்றி இடது பக்கம் போனார். வெர்னன் பேடைப் பாதி வெளியே எடுத்துவிட்டார்.

"அங்க வைக்க வேணாம்" என்றார் டெல்பர்ட். குரல் உடைந்து கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. எலுமிச்சைச் சாறு குடித்தவர்கள் திரும்பினார்கள். "இடது கதவு ஆலைப் பெயிண்ட் இல்ல. எனக்கு வித்தவன் ஏமாத்திட்டான். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். வெர்னனுக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும், அவன் வெள்ளைப் பேடு வெச்சுக் கண்டுபிடிச்சான். அவன் கராஜ்ல எதுவும் நடக்கல. எங்களைச் சாதாரண வரிசைக்கு மாத்திடுங்க."

நடுவர் கருவியை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார். சொன்னவரைக்கும் சந்தோஷம் என்றார். கோழி வறுக்கிற கடைக்குப் பக்கத்தில் இடம் இருப்பதாகச் சொன்னார்.

ஆர்லீன் தம்பியைப் பார்த்தாள். அப்புறம் கணவனைப் பார்த்தாள். வெர்னன் அடி வாங்கத் தயாராக நின்றார்.

"கடையில முட்டை டப்பாவைத் திறந்து ஒவ்வொண்ணா உருட்டிப் பாக்கற ஆளு நீ. இருபது வருஷம் ஒரு கதவை நம்பியிருக்கே" என்றாள். அவ்வளவுதான். தம்பியின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு பாடகர் குழுவை அழைத்துக்கொண்டு கோழிக்கடைப் பக்கம் போனாள்.

வண்டியைத் தள்ளிப்போய் நிறுத்தினார்கள். எண்ணெய்ப் புகை நேராகப் பானட்மேல் வந்து இறங்கியது. வெர்னன் திட்டிக்கொண்டே ஜாக்கெட்டைக் கழற்றினார். பையிலிருந்து பேடு நழுவி, மிதிபட்ட புல்லில் விழுந்து ஒரு சுற்று உருண்டு நின்றது.

டெல்பர்ட் அதைப் பார்த்தார். அது ஏன் அங்கே வந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆனது.

வெர்னன் குனிந்து எடுத்தார். வெள்ளை நுரையில் மண் ஒட்டியிருந்தது. ஒரு தட்டு தட்டினால் போய்விடும். தட்டவில்லை.

"விழுந்துடுச்சு. இனிமே ஆகாது" என்று சொல்லி, கோழிக்கடைக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு துணியை எடுத்துக்கொண்டு வந்து பானட்டில் படிந்த எண்ணெய்ப் புகையைத் துடைக்க ஆரம்பித்தார்.